எஸ்ஏபி பயன்பாட்டு வழங்கியின் அடிப்படைக் கட்டமைப்பு: ஒரு திறனாய்வு

எஸ்ஏபி பயன்பாட்டு வழங்கி என்பது பெரு நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல், விற்பனை, சரக்கிருப்பு, சம்பளம் முதலிய வேலைகளைச் செய்யும் நிரல்கள் இயங்குவதற்கான மென்பொருள் தளமாகும். 1992ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று வெளியான ஆர்/3 என்னும் தொகுப்போடு இதன் இன்றைய வடிவம் தொடங்கியது. பின்னர் வெப் அப்ளிகேஷன் சர்வர், நெட்வீவர், ஏபாப் பிளாட்ஃபார்ம் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. உள்ளே இருக்கும் எலும்புக்கூடு மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

பயிற்சி நிலையக் குறிப்பேடுகளில் இக்கட்டமைப்பு மூன்று பெட்டிகளாலும் சில அம்புக்குறிகளாலும் விளக்கப்படுகிறது. மாணவர்கள் பெட்டிகளின் பெயர்களையும், எஸ்எம்50, எஸ்எம்12, எஸ்எம்13 என்ற குறியீடுகளையும் மனப்பாடம் செய்கிறார்கள். படம் தவறானது அன்று. ஆனால் ஒவ்வொரு பெட்டியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பது அதில் இல்லை. இத்தளத்தின் பெரிய வலிமைகளும் பெரிய குறைகளும் ஒரே முடிவிலிருந்து பிறந்தவை. தரவின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பைத் தரவுத்தளத்திடமிருந்து எடுத்து, பயன்பாட்டு வழங்கியிடமும் நிரல் எழுதுபவரிடமும் ஒப்படைத்ததே அம்முடிவு.

பின்னணி

ஐபிஎம் நிறுவனத்தில் பணிபுரிந்த ஐந்து பேர் 1972இல் மேற்கு ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினர். டீட்மர் ஹோப், ஹாஸோ பிளாட்னர், கிளாஸ் சிரா, ஹான்ஸ்-வெர்னர் ஹெக்டர், கிளாஸ் வெல்லன்ராய்தர் ஆகியோர் அவர்கள். முதல் வாடிக்கையாளர் ஓஸ்ட்ரிங்கனில் இருந்த ஐசிஐ நிறுவனத்தின் நைலான் ஆலை. அக்காலத்தில் கணக்குகள் துளையட்டைகளில் சேர்த்து வைக்கப்பட்டு இரவில் மொத்தமாக ஓட்டப்பட்டன. பதிவு செய்யும் நொடியிலேயே கணக்கு மாறவேண்டும் என்பது இவர்களுடைய எண்ணம். ஆர்/2, ஆர்/3 என்ற பெயர்களில் உள்ள 'ஆர்' என்ற எழுத்து 'ரியல் டைம்', அதாவது உடனுக்குடன் என்பதைக் குறிக்கிறது.

1979இல் வந்த ஆர்/2 பெருங்கணினியில் இயங்கியது. ஆர்/3 அந்த ஒற்றைக் கணினியை விட்டு யூனிக்ஸ் வழங்கிகளுக்கு வந்தது. அப்போது வாடிக்கையாளர்களிடம் பலவகைத் தரவுத்தளங்கள் இருந்தன. ஆரக்கிள், இன்ஃபார்மிக்ஸ், டிபி2, எஸ்க்யூஎல் சர்வர் என்று ஆர்/3 காலப்போக்கில் பலவற்றின் மீது இயங்கியது. இவை பூட்டும் முறையில் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் ஒரு வரியை மட்டும் பூட்ட இயலாது. அவ்வரி இருக்கும் பக்கம் முழுவதும் பூட்டப்படும். எல்லாத் தரவுத்தளங்களிலும் ஒரே மாதிரி நடக்கவேண்டுமானால், எல்லாவற்றுக்கும் பொதுவான மிகக் குறைந்த வசதிகளை மட்டுமே நம்பவேண்டும். மீதியைத் தாமே கட்டிக்கொள்ளவேண்டும். எஸ்ஏபி பொறியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். இந்தச் சூழலை மறந்துவிட்டு இன்றைய கண்ணோடு மட்டும் பார்த்தால் பல முடிவுகள் விசித்திரமாகவே தோன்றும்.

மூன்று அடுக்குகள்

பயனரின் கணினியில் எஸ்ஏபி குயி என்னும் திரைநிரல் இருக்கிறது. நடுவில் பயன்பாட்டு வழங்கி; அதில் சி மொழியில் எழுதப்பட்ட கெர்னலும், அதன் மேல் ஏபாப் மொழி நிரல்களும் உள்ளன. கீழே தரவுத்தளம். திரைநிரல் கணக்கு எதையும் செய்வதில்லை. வழங்கி சொல்லும் திரையை வரைந்து, பயனர் தட்டச்சு செய்ததைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு முறை அனுப்பப்படுவது சில கிலோபைட் அளவுதான். தொலைபேசிக் கம்பி வழியாகக் கிளை அலுவலகங்களை இணைத்த காலத்தில் இது மிகப் பெரிய நன்மை. நிரலைத் திருத்தினால் ஆயிரம் மேசைகளுக்குச் சென்று நிறுவவேண்டியதில்லை. அதே காலத்தில் புழங்கிய பல இரண்டடுக்கு மென்பொருள்களில், நிரல் பயனரின் கணினியிலேயே இருந்து தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசியது. ஆயிரம் பயனர் என்றால் தரவுத்தளத்துக்கு ஆயிரம் இணைப்பு. ஆர்/3 அந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை.

வொர்க் பிராசஸ் என்னும் சிக்கனம்

ஒரு வழங்கியில் இயங்கும் கூறுகளின் தொகுதிக்கு இன்ஸ்டன்ஸ் என்று பெயர். பழைய அமைப்புகளில் மைய இன்ஸ்டன்ஸின் அடைவுக்கு டி-வி-இ-பி-எம்-ஜி-எஸ் என்று வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். அது கிறுக்கல் அன்று. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல். டயலாக், அப்டேட், என்கியூ, பேட்ச், மெசேஜ் சர்வர், கேட்வே, ஸ்பூல் ஆகியவற்றின் முதலெழுத்துகள் அவை. அப்டேட் என்பதற்குரிய ஜெர்மன் சொல் 'ஃபெர்பூஹுங்', அதாவது கணக்கில் பதிதல். அதன் முதலெழுத்துதான் இரண்டாவதாக வரும் 'வி'. அட்டவணைப் பெயர்களிலும் இப்படி ஜெர்மன் மொழி எட்டிப்பார்க்கிறது. வாடிக்கையாளர் அட்டவணையின் 'கேஎன்ஏ1' என்ற பெயரில் 'குண்டே' என்னும் சொல்லும், வழங்குநர் அட்டவணையின் 'எல்எஃப்ஏ1' என்ற பெயரில் 'லீஃபரன்ட்' என்னும் சொல்லும் ஒளிந்திருக்கின்றன. இதைச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் பாதிப் பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இராது.

இவற்றுள் முதலில் புரிந்துகொள்ளவேண்டியது டிஸ்பாட்சர். வங்கியில் டோக்கன் கொடுக்கும் முறையோடு இதை ஒப்பிடலாம். பயனர் ஒருவர் என்டர் விசையை அழுத்தியதும் அவருடைய கோரிக்கை டிஸ்பாட்சரின் வரிசையில் நிற்கிறது. ஓய்வாக இருக்கும் ஒரு டயலாக் வொர்க் பிராசஸ் அதை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பயனர் இதுவரை செய்த வேலையின் நிலை, அதாவது அவருடைய கோப்பு, பகிர்வு நினைவகத்தில் இருக்கிறது. வொர்க் பிராசஸ் அக்கோப்பைத் திறந்து, வேலையைச் செய்து, அடுத்த திரையை அனுப்பிவிட்டு, கோப்பை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறது. அடுத்த முறை அதே பயனருக்கு வேறொரு வொர்க் பிராசஸ் வேலை செய்யலாம். ஒரு என்டரிலிருந்து அடுத்த திரை வருவது வரையிலான இந்தத் துண்டுக்கு டயலாக் ஸ்டெப் என்று பெயர்.

இதன் சிக்கனத்தை ஒரு சிறு கணக்கில் காணலாம். பயனர் ஒருவர் ஒரு திரையைப் படித்துத் தட்டச்சு செய்ய 29 நொடி எடுத்துக்கொள்கிறார், வழங்கி விடைதர 1 நொடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நொடியில் 1 நொடிதான் அவருக்கு வொர்க் பிராசஸ் தேவை. எனவே 600 பயனர்களுக்கு 20 வொர்க் பிராசஸ்கள் ஏட்டளவில் போதும். வரிசை நீளாமல் இருக்க நடைமுறையில் இன்னும் சில தேவைப்படும். தரவுத்தளத்துக்கும் அந்த எண்ணிக்கையில்தான் இணைப்புகள். 1990களின் நினைவக விலையில் ஆயிரக்கணக்கான பயனர்களைத் தாங்க இதைவிட நல்ல வழி இருந்ததாகச் சொல்லமுடியாது.

இன்னொரு நன்மை பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. வொர்க் பிராசஸ்கள் இயங்குதளத்தின் தனித்தனிச் செயல்கள். ஒன்று முறிந்து விழுந்தால் அப்போது அதில் இருந்த ஒரு பயனரின் வேலை மட்டுமே கெடும். டிஸ்பாட்சர் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடும். பக்கத்து இருக்கைக்காரருக்கு எதுவும் தெரியாது.

குறைகளும் இதே இடத்தில்தான். டயலாக் வேலை ஒன்று இயல்பாக 600 நொடிக்கு மேல் ஓடக்கூடாது. ஓடினால் வழங்கி அதை நிறுத்திவிடும். இது நியாயமான காவல்தான். ஆனால் மோசமாக எழுதப்பட்ட ஓர் அறிக்கை நிரலை இருபது பேர் ஒரே நேரத்தில் ஓட்டினால், அந்தப் பத்து நிமிடமும் இருபது வொர்க் பிராசஸ்களும் சிறைப்பட்டுவிடும். ஒரே ஒரு விலைப்பட்டியலைப் பார்க்க வந்தவரும் காத்திருக்கவேண்டும். அதிக நினைவகம் கேட்கும் நிரலும் இதே கேட்டைச் செய்யும். பகிர்வு நினைவகத்தின் பங்கு தீர்ந்ததும் அந்நிரல் வொர்க் பிராசஸின் சொந்த நினைவகத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் அந்த வொர்க் பிராசஸ் வேறு யாருக்கும் கிடைக்காது. டோக்கன் முறை அங்கே முறிந்துபோகிறது.

சுமைப் பங்கீடும் அரைகுறையே. எந்த இன்ஸ்டன்ஸுக்குச் செல்லவேண்டும் என்று மெசேஜ் சர்வர் முடிவு செய்து சொல்வது, பயனர் உள்நுழையும்போது ஒரு முறை மட்டுமே. காலை ஒன்பது மணிக்கு ஓர் இன்ஸ்டன்ஸில் நுழைந்தவர் மாலை வெளியேறும் வரை அதிலேயே இருப்பார். பக்கத்து இன்ஸ்டன்ஸ் சும்மா இருந்தாலும் அவர் அங்கே மாறமாட்டார். அவருடைய கோப்பு ஓர் இன்ஸ்டன்ஸின் நினைவகத்தில் மட்டும் இருப்பதால், அது விழுந்தால் சேமிக்காத வேலையும் அதோடு போய்விடும்.

பூட்டு யார் கையில்?

கட்டமைப்பின் உயிர்நாடியான பகுதி இதுதான். பாடக்குறிப்புகளில் மிக மேலோட்டமாகக் கடந்துபோகப்படுவதும் இதுவே.

டயலாக் ஸ்டெப் முடிந்து வொர்க் பிராசஸ் விடுவிக்கப்படும்போது, தரவுத்தளத்தில் தானாகவே ஒரு கமிட் நடக்கிறது. வேறு வழியில்லை. தரவுத்தள இணைப்பு வொர்க் பிராசஸுக்குச் சொந்தம். அடுத்த நொடி அந்த வொர்க் பிராசஸ் வேறு பயனருக்கு வேலை செய்யப்போகிறது. முந்தையவருடைய முடிக்காத மாற்றத்தை அது சுமந்துகொண்டு போகமுடியாது. ஆகவே, தரவுத்தளம் தரும் பூட்டும் ஒரு திரைக்கு மேல் நீடிக்காது. ஆனால் ஒரு விற்பனை ஆணை எழுத ஐந்து திரைகள் ஆகலாம்.

கிடங்கில் 100 மூட்டை சிமெண்ட் இருக்கிறது என்று கொள்வோம். இரண்டு எழுத்தர்கள் ஒரே நேரத்தில் இருப்பைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் 100 என்று தெரிகிறது. இருவரும் தத்தம் வாடிக்கையாளரோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு ஆளுக்கு 80 மூட்டை விற்கிறார்கள். தரவுத்தளத்தின் பூட்டு முதல் திரையோடு அவிழ்ந்துவிட்டதால், இதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை.

இதற்காகவே எஸ்ஏபி தனியாக ஒரு பூட்டுமுறையைக் கட்டியது. என்கியூ வழங்கி என்பது ஒட்டுமொத்த அமைப்புக்கும் ஒன்றே ஒன்று. அது தன் நினைவகத்தில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது: எந்தப் பொருள், எந்த ஆவணம், யார் கையில். நிரலாளர் ஒரு பொருளைத் திருத்தும் முன் என்கியூ என்று தொடங்கும் செயற்கூறு ஒன்றை அழைத்துப் பூட்டுக் கேட்கவேண்டும். வேறொருவர் வைத்திருந்தால் அவருடைய பெயரோடு செய்தி வரும். திரைகள் எத்தனை மாறினாலும், வொர்க் பிராசஸ் எத்தனை மாறினாலும் அந்தப் பூட்டு நிற்கும். ஆணை, பொருள், ஒப்பந்தம் என்று வணிகத்தின் சொற்களிலேயே பூட்டமுடிகிறது. அட்டவணை வரிகளைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை. நல்ல சிந்தனை.

ஆனால் அந்த 'கேட்கவேண்டும்' என்ற சொல்லில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. இப்பூட்டு ஒரு மரபு, தடை அன்று. கேட்காமல் எழுதுகிற நிரலை எதுவும் தடுக்காது. எஸ்ஏபியின் சொந்த நிரல்கள் இம்மரபைப் பொதுவாகக் காக்கின்றன. ஆனால் எந்த நிறுவனமும் அவற்றோடு நிற்பதில்லை. இசட் அல்லது ஒய் எழுத்தில் தொடங்கும் பெயருடைய சொந்த நிரல்களை ஆயிரக்கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு நிரல் பூட்டைக் கேட்காமல் நேரடியாக அட்டவணையைத் திருத்திவிட்டால், சோதனையில் ஒன்றும் தெரியாது. சோதிப்பவர் ஒருவர்தானே! ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆண்டிறுதி நாளில் அது வெளிப்படும். அதுவும் பிழைச்செய்தியாக வராது. இருப்புக் கணக்கில் ஒரு சிறு வித்தியாசமாக வரும். காரணத்தைத் தேடினால் கிடைக்காது. தரவுத்தளமே பூட்டும் அமைப்பில் இத்தகைய பிழையை மறதியால் செய்வது இவ்வளவு எளிதன்று.

எதிர்த்திசையிலும் தொல்லை உண்டு. ஒருவர் ஓர் ஆவணத்தைத் திருத்தும் திரையில் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால், அவர் வரும்வரை வேறு எவரும் அதைத் தொடமுடியாது. ஓய்ந்திருக்கும் பயனரைத் தானாக வெளியேற்றும் வசதி இருக்கிறது. ஆனால் அது இயல்பில் முடக்கப்பட்டே வருகிறது. நிர்வாகியைக் கூப்பிட்டு எஸ்எம்12 திரையில் பூட்டை அழிக்கச் சொல்வது பல அலுவலகங்களில் அன்றாட வழக்கம். அப்படி அழிப்பது, மறதியால் பூட்டாமல் விட்ட நிரலின் நிலைக்கே அந்த ஆவணத்தைக் கொண்டுபோய்விடுகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. முதலில் பூட்டியவர் திரும்பிவந்து 'சேமி' பொத்தானை அழுத்தினால் இரண்டு பேரின் திருத்தங்களும் மோதும்.

'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி

பூட்டோடு இணைந்தது அப்டேட் முறை. ஐந்து திரைகளில் சேர்ந்த மாற்றங்களை உடனுக்குடன் எழுதாமல், அவற்றை ஒரு கோரிக்கையாகக் கட்டி, தரவுத்தளத்தில் அதற்கென்று உள்ள அட்டவணைகளில் வைத்துவிட்டு, கடைசியில் அப்டேட் வொர்க் பிராசஸிடம் ஒப்படைக்கிறார்கள். அது எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளப் பரிமாற்றத்தில் எழுதுகிறது: எல்லாம் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது. பயனரின் பூட்டுகளும் அதனிடம் கைமாறி, எழுதி முடித்தபின்தான் அவிழும். அவசரமானவை வி1 என்றும், புள்ளிவிவரம் போன்ற ஆறப்போடக்கூடியவை வி2 என்றும் பிரிக்கப்படுகின்றன. எழுதி முடியும்வரை பயனர் காத்திருக்கவேண்டியதில்லை என்பது இதன் கவர்ச்சி.

அந்தக் கவர்ச்சிக்கும் ஒரு விலை உண்டு. எழுத்தர் 'சேமி' என்றதும் ஆவண எண்ணோடு 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி வருகிறது. அவர் அந்த எண்ணை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறார். உண்மையில் அந்நொடியில் எழுதுவதற்கான கோரிக்கை மட்டுமே பதிவாகியிருக்கிறது. அதன்பின் அப்டேட் தோல்வியுற்றால், எண் இருக்கும்; ஆவணம் இருக்காது. பயனருக்கு 'அப்டேட் நிறுத்தப்பட்டது' என்று உள்ளஞ்சல் வரும். அவர் அதைப் படித்தால் நல்லது. நிர்வாகி தினமும் எஸ்எம்13 திரையைப் பார்த்துத் தோல்விகளை ஆராய்ந்தால் இன்னும் நல்லது. 'உடனுக்குடன்' என்ற சொல்லையே பெயராகக் கொண்ட ஒரு மென்பொருள், தன் பயனரிடம் இன்னும் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறது. இது வசதிக்காகச் செய்யப்பட்ட சமரசம் என்பது உண்மை. ஆனால் அந்தச் செய்தியின் வாசகத்தையாவது நேர்மையாக எழுதியிருக்கலாம்.

ஆவண எண்களிலும் இதே கதை. வேகத்துக்காக எண்களை வழங்கியின் நினைவகத்தில் தொகுதியாக எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. வழங்கியை நிறுத்தினால் பயன்படாத எண்கள் மறைந்துபோய் வரிசையில் இடைவெளி விழும். விற்பனை ஆணைக்கு இது பொருட்டன்று. இந்தியாவின் ஜிஎஸ்டி விதிகளின்படி விலைப்பட்டியல் எண்கள் தொடர்ச்சியாக இருக்கவேண்டும். அங்கே இடைவெளி தணிக்கையாளரின் கேள்வியாகிவிடும். கணக்கு ஆவணங்களுக்கு இந்தச் சேமிப்பைப் பொதுவாகப் பயன்படுத்தாததற்கும் காரணம் இதுதான்.

ஊமையாக்கப்பட்ட தரவுத்தளம்

இவ்வளவு பொறுப்பும் மேலே போய்விட்டதால், தரவுத்தளம் வெறும் கிடங்காகிவிட்டது. அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகள் எஸ்ஏபியின் தரவு அகராதியில் எழுதப்பட்டுள்ளன. தரவுத்தளத்துக்கு அவை தெரியாது. எல்லா வொர்க் பிராசஸ்களும் ஒரே தரவுத்தளப் பயனர் பெயரில் இணைவதால், யார் எதைத் திருத்தினார் என்பதும் அதற்குத் தெரியாது. ஒரே அமைப்பில் பல நிறுவனங்களின் தரவு 'மாண்ட்' என்னும் மூன்றெழுத்துப் புலத்தால் மட்டுமே பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓப்பன் எஸ்க்யூஎல் அந்த நிபந்தனையைத் தானே சேர்த்துவிடும்; தரவுத்தளத்தின் சொந்த மொழியில் எழுதும் நிரலாளர் அதை மறந்தால் பக்கத்து நிறுவனத்தின் வரிகளும் சேர்ந்து வரும். கணக்கு வரிகள் இருந்த பிசெக் அட்டவணை நீண்டகாலம் க்ளஸ்டர் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. அதாவது, பல வரிகள் ஒன்றாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். தரவுத்தளத்தில் நேராகப் பார்த்தால் ஒன்றும் படிக்கமுடியாது.

அடிக்கடி படிக்கப்படும், அரிதாக மாறும் அட்டவணைகள் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸின் நினைவகத்திலும் பஃபராக நகலெடுக்கப்படுகின்றன. ஒரு வழங்கியில் மாற்றினால் மற்றவை சிறிது நேரம் கழித்தே அறியும். இயல்பான இடைவெளி 60 நொடி. நாட்டுப் பெயர்களின் பட்டியலுக்கு இது போதும். நாணய மாற்று விகிதத்தைத் திருத்திவிட்டு அடுத்த நிமிடத்துக்குள் பட்டியல் போடுபவர் இதை அறிந்திருக்கவேண்டும்.

ஒரு நற்பலனையும் இங்கே சொல்லியாகவேண்டும். ஏபாப் நிரல்களின் மூலவரிகள் தரவுத்தளத்திலேயே சேமிக்கப்பட்டு வாடிக்கையாளரிடம் வருகின்றன. கணக்குப் பதிவு எப்படி நடக்கிறது, வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று எந்த நிரலாளரும் திறந்து படிக்கலாம்; வரி வரியாக நிறுத்திப் பார்க்கலாம். இது காசு கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருள்களில் அரிய பண்பு. கற்க விரும்பும் மாணவருக்கு இதைவிடப் பெரிய நூலகம் வேண்டியதில்லை. பயிற்சிகளில் இதை எவரும் வலியுறுத்துவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஜாவாவோடு ஒரு நெடும்பயணம்

2000த்துக்குப் பின் இணையம் முக்கியமானபோது, எஸ்ஏபி ஏபாப் வழங்கிக்குப் பக்கத்தில் ஜாவா வழங்கி ஒன்றையும் சேர்த்தது. இரண்டும் ஒரே அமைப்பில் இயங்கும் இரட்டை அடுக்கு முறை உருவானது. இதைத் தோல்வி என்றே கணிக்கவேண்டும். இரண்டு நினைவக முறைகள், இரண்டு பயனர் நிர்வாகங்கள், இரண்டு மேம்பாட்டு அட்டவணைகள் நிர்வாகிகளின் தலையில் விழுந்தன. ஜாவாவில் பல பயனர்களின் வேலைகள் ஒரே மெய்நிகர் இயந்திரத்துக்குள் இழைகளாக ஓடுகின்றன. ஒரு நிரல் நினைவகத்தைத் தின்றுவிட்டால் அந்த இயந்திரத்தில் உள்ள அனைவரும் விழுவார்கள். வொர்க் பிராசஸ் முறையின் பழமையான பிரிவினை எவ்வளவு விவேகமானது என்பதை இந்த ஒப்பீடே காட்டியது. 2015இல் வந்த நெட்வீவர் 7.5 பதிப்பில் இரட்டை அடுக்கு கைவிடப்பட்டது.

நம்பிக்கையின் மேல் கட்டிய வாசல்கள்

1992இல் இத்தகைய அமைப்புகள் நிறுவனத்தின் சொந்த வலைக்குள் இருந்தன. உள்ளே இருப்பவர் நம்பத்தக்கவர் என்ற எண்ணம் கட்டமைப்பில் ஊறிப்போயிருக்கிறது. எஸ்ஏபி* என்னும் தலைமைப் பயனர் கெர்னலிலேயே எழுதப்பட்டவர். அவருடைய பதிவை அட்டவணையிலிருந்து அழித்தால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. பதிவு இல்லையென்றால், எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிலையான கடவுச்சொல்லோடு அவர் உயிர்த்தெழுவார். இதைத் தடுக்கும் அளவுரு தனியே இருக்கிறது. வெளியீட்டு நாளான 1992 ஜூலை 6ஐயே தொடக்கக் கடவுச்சொல்லாக வைத்திருந்ததும் இதே மனநிலையின் அடையாளம்.

2019 ஏப்ரலில் '10கேபிளேஸ்' என்று பெயரிடப்பட்ட தாக்குதல் நிரல்கள் பொதுவெளியில் வந்தபோது இந்த நம்பிக்கையின் சங்கிலி முழுவதும் அம்பலமானது. மெசேஜ் சர்வரின் உள்வாசல் திறந்திருந்தால், வெளியாள் ஒருவர் 'நானும் ஒரு பயன்பாட்டு வழங்கி' என்று பதிவு செய்துகொள்ளலாம். மெசேஜ் சர்வர் நம்பியவரைக் கேட்வேயும் நம்பும். கேட்வே நம்பியவர் இயங்குதளக் கட்டளையை ஓட்டலாம். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு மே மாதம் எச்சரிக்கை வெளியிட்டது. இதை அடைக்கும் வழியை எஸ்ஏபி பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தது. வாடிக்கையாளர்கள் செய்யவில்லை என்று சொல்வது எளிது. ஆனால் பாதுகாப்பான நிலையை இயல்பாக வைக்காமல், தேவைப்பட்டால் பூட்டிக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்தே விற்றவரின் பங்கை மறைக்கமுடியாது.

கட்டமைப்பின் மேல் எல்லாப் பழியையும் போடுவதும் சரியன்று. ஜெர்மனியின் லிடில் அங்காடி நிறுவனம் 2018இல் ஏழாண்டு எஸ்ஏபி திட்டத்தைக் கைவிட்டபோது, இழப்பு ஏறத்தாழ 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் அந்நிறுவனத்தின் பழக்கமும், விற்பனை விலையில் மதிப்பிடும் மென்பொருளின் இயல்பும் பொருந்தாததே முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. அதில் டிஸ்பாட்சருக்கோ என்கியூவுக்கோ பங்கில்லை.

ஹானாவும் திரும்பிய திசையும்

2015 பிப்ரவரியில் எஸ்/4ஹானா அறிவிக்கப்பட்டது. இது எஸ்ஏபியின் சொந்தத் தரவுத்தளமான ஹானாவில் மட்டுமே இயங்கும். எந்தத் தரவுத்தளமும் போதும் என்ற கொள்கைக்காகப் பூட்டையும் பதிவையும் மேலே தூக்கிச் சென்ற நிறுவனம், 23 ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு தரவுத்தளம்தான் என்று முடிவு செய்தது. தரவை நிரலிடம் கொண்டுவருவதற்குப் பதிலாக, கணக்கீட்டைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள் என்பது புதிய பாடம். தரவுத்தளத்தை ஊமையாக வைத்திருந்தது இனி நன்மையன்று என்று எஸ்ஏபியே ஒப்புக்கொண்டதற்கு இது சமம்.

தொழில்நுட்ப அளவில் இதனால் உண்மையான ஆதாயம் கிடைத்திருக்கிறது. பழைய அமைப்பில் மொத்தத் தொகைகளுக்குத் தனி அட்டவணைகள் இருந்தன. ஒவ்வொரு பதிவும் அதே மொத்த வரியைத் திருத்தவேண்டியிருந்ததால், பூட்டுக்காக வரிசை நின்றது. எஸ்/4ஹானாவில் சரக்கு நகர்வுகள் மாட்டாக் என்னும் அட்டவணையிலும், கணக்குகள் அக்டோகா என்னும் அட்டவணையிலும் புதுவரிகளாகச் சேர்கின்றன. மொத்தம் கேட்கும்போது கூட்டிக்கொள்ளப்படுகிறது. திருத்த வேண்டிய பொது வரி இல்லையென்றால் அதற்குப் பூட்டும் வேண்டாம். பூட்டுச் சிக்கலைப் பூட்டின் வழியாகத் தீர்க்காமல், அது எழும் இடத்தையே அகற்றிய இந்த மாற்றம் மொத்தக் கட்டமைப்பு வரலாற்றிலும் மிகச் சிறந்த திருத்தம்.

வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. ஆரக்கிளோ டிபி2வோ எதை வைத்திருந்தாலும் சரி என்ற உறுதியை நம்பி இருபது ஆண்டுகள் முதலீடு செய்தவர்களுக்கு, அந்தச் சுதந்திரம் இனி இல்லை. பழைய பிசினஸ் ஸூட்டுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதி வரை. கூடுதல் கட்டணத்தோடு 2030 இறுதி வரை. இசட் நிரல்கள் ஒவ்வொன்றும் அதற்குள் சோதிக்கப்படவேண்டும். முன்பு தரவுத்தளத்தின் வரிசை ஒழுங்கை நம்பி, வரிசைப்படுத்தச் சொல்லாமலே எழுதப்பட்ட நிரல்கள் ஹானாவில் வேறு வரிசையில் விடை தருகின்றன. பிழைச்செய்தி இல்லாமல் வரும் தவறு இங்கேயும் தொடர்கிறது.

எஸ்/4ஹானாவின் உள்ளேயும் டிஸ்பாட்சர் இருக்கிறது. வொர்க் பிராசஸ்கள் இருக்கின்றன. என்கியூ வழங்கி இப்போது தனி இன்ஸ்டன்ஸில், தன் அட்டவணையின் நகலை வேறொரு கணினியில் வைத்துக்கொண்டு இயங்குகிறது. எனவே அது விழுந்தாலும் பூட்டுகள் மறைவதில்லை. ஆனால் பூட்டைக் கேட்பதா வேண்டாமா என்பது 1992இல் இருந்தது போலவே, இன்றும் நிரல் எழுதுபவரின் கையில்தான் இருக்கிறது.